குடும்ப வண்டிக்கு பிரேக் பேடும் டிஸ்கும் வாங்குவது எப்படி

சக்கரத்தோடு சுழலும் இரும்பு வட்டுதான் டிஸ்க்; பிரேக் மிதிக்கும்போது அதை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கட்டைகள்தான் பேட். பிரேக் பேட் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் மூன்று கேள்வி கேட்பேன். கழற்றிய பழைய பேட் நாலும் கையில் இருக்கிறதா? ஆளும் மூட்டையுமாக வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு எவ்வளவு தூரம் போவீர்கள்? வழியில் மலை இறக்கம் உண்டா? எந்த பிராண்ட் என்ற பேச்சை அதற்கப்புறம்தான் எடுப்பேன். தனியாக வேலைக்குப் போய்வரும் நாளில் எந்த பேட் போட்டாலும் வண்டி நிற்கும். பின் சீட்டில் பிள்ளைகளும் பெரியவர்களும் உட்கார்ந்து, டிக்கி நிறைய சாமான் ஏறி, நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது முன்னால் ஒரு லாரி திடீரென்று நிற்கிறதே, அந்த நேரத்துக்காகத்தான் பேட் வாங்குகிறோம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆளும் சாமானும் சேர்த்து 2,000 கிலோ உள்ள வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதை முழுதாக நிறுத்த சுமார் 770 கிலோஜூல் ஆற்றலை வெப்பமாக மாற்றியாக வேண்டும். இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்து, மேலும் கொஞ்சம் மிஞ்சும் வெப்பம் அது. சில நொடிகளில் வந்துவிடுகிறது. நிறுத்தும்போது எடை முன்பக்கம் சாய்வதால், அதில் ஏறக்குறைய 70 சதவீதத்தை முன் பிரேக்குகள்தான் வாங்கிக்கொள்கின்றன. முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 8 கிலோ இருந்தால், அந்த ஒரு நிறுத்தத்தில் டிஸ்கின் சூடு 70 டிகிரி செல்சியஸ் போல ஏறும். 6 கிலோவாக இருந்தால் கிட்டத்தட்ட 100 டிகிரி ஏறும். மலை இறக்கம் இன்னும் கடுமை. அதே வண்டி 500 மீட்டர் உயரத்தை பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், மேலே சொன்ன நிறுத்தத்தைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் வெப்பம் பிறக்கும். கீழ் கியரில் போட்டு எஞ்சினையே பிடிக்கவிட்டு இறங்கு என்று பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இந்தக் கணக்கிலிருந்துதான் என் யோசனையும் வருகிறது. பேட் விஷயத்தில் வண்டி கம்பெனி போட்டு அனுப்பிய ரகத்தை விட்டு அதிகம் விலகாதீர்கள். கையில் கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தால், அதை நல்ல எடையுள்ள டிஸ்குக்கும், யாரும் கண்டுகொள்ளாத கிளிப், பின், ரப்பர் இவற்றுக்கும் கொடுங்கள்.

பழைய பேடைப் பாருங்கள்

கழற்றும்போதே ஒவ்வொரு பேடின் முதுகிலும் மார்க்கரால் எழுதிவிடுவேன்: இடது உள், இடது வெளி, வலது உள், வலது வெளி. பிறகு மேஜையில் வரிசையாக வைத்துப் பார்ப்பேன். புது பேட் வாங்குவதற்கு முன் நீங்களும் இதைச் செய்யுங்கள். மெக்கானிக் கழற்றினால் பழையதைத் தூக்கிப் போடாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

தடிமனை அளக்கும்போது உராயும் பொருளை மட்டும் அளக்க வேண்டும். பின்னால் ஒட்டியிருக்கும் இரும்புத் தகட்டையும் சேர்த்து அளந்துவிட்டு, இன்னும் நிறைய இருக்கிறதே என்று நினைப்பவர்கள் உண்டு. புது பேடில் உராயும் பகுதி பெரும்பாலும் 10 முதல் 12 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். பல பேடுகளில் ஒரு சின்ன உலோக நாக்கு இருக்கும். பேட் தேய்ந்ததும் அது டிஸ்கில் உரசிக் கீச்சிடும். அந்தச் சத்தம் வந்தபின் நாள் கடத்தக் கூடாது.

நாலு பேடும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருந்தால் கவலையில்லை. உள்பக்க பேட் மட்டும் மிகவும் தேய்ந்து, வெளிப்பக்கம் பாதி மிச்சமிருந்தால், காலிப்பர் (பேடுகளைப் பிடித்திருக்கும் கவ்வி) நகரும் கைடு பின் இறுகிக் கிடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், அல்லது பேடைத் தள்ளும் பிஸ்டன் முழுதாகத் திரும்பவில்லை. ஒரே பேட் ஒரு ஓரம் தடியாகவும் மறு ஓரம் மெலிந்தும் ஆப்பு வடிவில் தேய்ந்திருந்தாலும் முதலில் பின்னையும் கிளிப்பையும்தான் பார்க்க வேண்டும். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் பெரிய வித்தியாசம் என்றால் பிஸ்டனையும் பிரேக் ஹோஸையும் சோதிக்கச் சொல்லுங்கள். இதைச் சரிசெய்யாமல் உலகத்திலேயே சிறந்த பேடை வாங்கிப் போட்டாலும் அதே மாதிரிதான் தேயும். "போன தடவை போட்ட பேட் மட்டமானது, சீக்கிரம் தீர்ந்துவிட்டது" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களின் பேடுகளை அடுக்கிப் பார்த்தால், குற்றம் கைடு பின்னில் இருப்பதைத்தான் அடிக்கடி காண்கிறேன்.

பேடின் முகம் கண்ணாடி போல மினுங்கினாலும், டிஸ்கில் நீலத் திட்டுகள் இருந்தாலும் பிரேக் மிகவும் சூடாகியிருக்கிறது. அப்போது மட்டும், போட்டிருந்த ரகத்தைவிடச் சூடு தாங்கும் ரகத்தைப் பற்றி யோசிக்கலாம். அதற்கும் முன்னால், எங்கேயாவது பிரேக் பிடித்தபடியே ஓடுகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

உங்கள் வண்டிக்கு எது பொருந்தும்

மாடல் பெயரும் வருடமும் சொன்னால் மட்டும் போதாது. ஒரே வருடத்தில் வந்த ஒரே மாடலுக்கு எஞ்சினைப் பொறுத்து 256 மில்லிமீட்டர் டிஸ்கும் வரலாம், 280 மில்லிமீட்டர் டிஸ்கும் வரலாம். சேசிஸ் நம்பரைக் கொடுத்து பார்ட் நம்பரைக் கண்டுபிடியுங்கள். பழைய டிஸ்கின் விட்டத்தையும் அளந்து வையுங்கள். பேட் தேய்மானத்தைச் சொல்லும் ஒயர் உங்கள் வண்டியில் உண்டா, பின்சக்கரத்தில் டிஸ்கா டிரம்மா, கைப்பிரேக் எலெக்ட்ரிக்கா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். இடது சக்கரத்துக்குப் புதிது, வலதுக்குப் பழையது என்று விட்டால், அவசரத்தில் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

பேட் ரகங்கள்

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று ரகம். ஆர்கானிக் பேட் மென்மையானது, சத்தம் போடாது, டிஸ்கைத் தின்னாது. ஆனால் சீக்கிரம் தேயும், தொடர்ந்து சூடானால் பிடிப்பு தளரும். செமி மெட்டாலிக் பேடில் இரும்பு, எஃகு போன்ற உலோகம் நிறையக் கலந்திருக்கும். சூட்டை நன்றாகத் தாங்கும், சுமை ஏற்றும் வண்டிக்கும் மலைப்பாதைக்கும் நல்லது. கறுப்புத் தூசி சக்கரத்தில் படியும், சத்தமும் டிஸ்க் தேய்மானமும் கொஞ்சம் கூடும். செராமிக் பேட் அமைதியானது, தூசி குறைவு, மெதுவாகத் தேயும், விலை அதிகம்.

செராமிக் என்றாலே உசத்தி என்று பலர் நம்புகிறார்கள். நகரத்துக்குள் ஓடும் காருக்கு அது அருமையான பேட். ஏழு பேர் உட்காரும் வண்டியை நிறைத்துக்கொண்டு அடிக்கடி மலை இறங்குகிறவருக்கு, நல்ல கம்பெனியின் செமி மெட்டாலிக்கைத்தான் எடுத்துக் கொடுப்பேன். உங்கள் வண்டி எந்த ரகத்தோடு வந்ததோ அதே ரகத்தில் நம்பகமான தயாரிப்பு வாங்கினால் பெரும்பாலும் தப்பாகாது. சக்கரம் இறுகிச் சறுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் முதல் பெடலின் அழுத்தம் வரை எல்லாவற்றையும் அந்த உராய்வை வைத்துத்தான் பொருத்தியிருக்கிறார்கள்.

பெட்டியில் இருக்கும் விளம்பர வாசகத்தைவிட, பேடின் விளிம்பில் அச்சடித்த எழுத்தைப் படியுங்கள். பல பேடுகளில் நீண்ட எண் வரிசையின் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு என்பது, இரண்டாவது அதிகச் சூட்டில் எவ்வளவு என்பது. 'ஈ' என்றால் உராய்வுக் கெழு 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55 வரை. இரண்டாவது எழுத்து முதலாவதைவிடக் கீழே இறங்கினால், சூடானபோது பிடிப்பு குறைகிறது என்று அர்த்தம். 'எஃப் எஃப்' இருந்த இடத்தில் 'எஃப் ஈ' வாங்கிப் போடாதீர்கள். இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு: பின்சக்கரத்துக்கு மட்டும் ஒரிஜினலைவிட அதிகம் கடிக்கும் பேட் போடுவது. பின்சக்கரம் முதலில் இறுகினால் வண்டி வால் வீசும். ஆனால் அந்த எழுத்துகள் ஆய்வகத்தில் ஒரு சின்னத் துண்டைத் தேய்த்துப் பார்த்து வந்தவை. ஆயுளையும் சத்தத்தையும் பற்றி அவை ஒன்றும் சொல்லாது.

இதைவிட நான் அதிகம் மதிப்பது ஐரோப்பிய ஆர்90 முத்திரையை. வட்டத்துக்குள் 'ஈ' எழுத்தும் ஒரு எண்ணும், பக்கத்தில் 90 சேர்ந்த ஒப்புதல் எண்ணும் இருக்கும். அந்த வண்டிக்கு வந்த ஒரிஜினல் பேடோடு ஒப்பிட்டுப் பார்த்து, செயல்திறன் 15 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால்தான் அந்த ஒப்புதல் கிடைக்கும். இரண்டு பேடுகளுக்கு நடுவே குழப்பம் வந்தால் முத்திரை உள்ளதை எடுங்கள். சில பெட்டிகளில் இலை வடிவக் குறி ஒன்று இருக்கும். பேடில் செம்பு எவ்வளவு என்பதைக் காட்டுவது அது. பிரேக் தூசியில் உள்ள செம்பு மழைநீரோடு ஓடைக்குப் போய் மீன்களைக் கெடுக்கிறது என்பதால் வந்த ஏற்பாடு. பிடிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பின் தகட்டையும் திருப்பிப் பாருங்கள். வெறும் பெயின்ட் அடித்த தகடு சில வருடத்தில் துருப்பிடிக்கும். துரு தகட்டுக்கும் உராயும் பொருளுக்கும் நடுவே புகுந்து, பொருளையே தூக்கிவிடும். பேட் தேயாமலே கழன்று விழுவது இப்படித்தான். துத்தநாகம் பூசிய தகடு, பசையோடு சின்னக் கொக்கிகளாலும் பொருளைப் பிடித்திருக்கும் தகடு, இவை மழையிலும் கடற்கரைக் காற்றிலும் ஓடும் வண்டிக்கு ரொம்ப நல்லது. டூப்ளிகேட்டைக் கண்டுபிடிக்கவும் தகடு உதவும். மங்கலான அச்சு, தயாரிப்புத் தொகுதி எண் இல்லாமை, ஒரே பெட்டியில் உள்ள பேடுகளின் எடையில் வித்தியாசம், விளிம்பில் உதிரும் பொருள், இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் வாங்காதீர்கள்.

டிஸ்க்

ரோட்டர் என்றும் சொல்லப்படும் டிஸ்கை ஒவ்வொரு தடவையும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அதன் மேலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். புதிதில் 24 மில்லிமீட்டர், குறைந்தபட்சம் 22 என்று வைத்துக்கொள்வோம். இப்போது அளந்தால் 22.4 வருகிறது. சட்டப்படி இன்னும் ஓட்டலாம். ஆனால் ஒரு செட் பேட் தேய்வதற்குள் டிஸ்க் 1.6 மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது என்றால், அடுத்த செட் பாதி முடிவதற்குள் 22-க்குக் கீழே போய்விடும். அதனால் இப்போதே மாற்றுவதுதான் சரி. 23.3 இருந்து, வெடிப்போ ஆழமான கோடுகளோ இல்லையென்றால் விட்டுவிடலாம்.

அளக்கும்போது டிஸ்கின் ஓரத்தில் தேயாமல் நிற்கும் வரம்பு வெர்னியரை ஏமாற்றும். மைக்ரோமீட்டர் இல்லாதவர்கள், ஒரே மாதிரி இரண்டு நாணயத்தை இரு பக்கமும் வைத்து அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழித்துக்கொள்ளலாம். சுற்றிலும் ஏழெட்டு இடத்தில் அளந்து, அதில் மிகக் குறைந்த எண்ணை எடுங்கள்.

புது டிஸ்க் வாங்கும்போது தராசில் வைத்துப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். ஒரே வண்டிக்கான இரண்டு டிஸ்கில் ஒன்று வெகுவாக இலேசாக இருந்தால், எங்கேயோ இரும்பைக் குறைத்திருக்கிறார்கள். மேலே பார்த்த சூட்டுக் கணக்கில் அது நேராகத் தெரியும். நடுவில் காற்றுப் போகும் இடைவெளியை எட்டிப் பாருங்கள்: இரண்டு தகடும் ஒரே தடிமனா, உள்ளே இருக்கும் தடுப்புகளின் எண்ணிக்கை ஒரிஜினலில் உள்ளதுபோல இருக்கிறதா? வார்ப்பு விலகி ஒரு பக்கத் தகடு தடித்திருந்தால், சூடாகும்போது டிஸ்க் ஒரு பக்கமாக வளையும். தடுப்புகள் வளைந்த வகை என்றால் இடது வேறு, வலது வேறு. மாற்றிப் போட்டால் காற்று சரியாக இழுபடாது. கார்பன் அதிகமுள்ள வார்ப்பிரும்பு டிஸ்க் அதிர்வை உறிஞ்சிக்கொள்ளும், சூட்டில் வெடிப்பதும் குறைவு. விலை வித்தியாசம் தாங்கும் என்றால் அதை வாங்கலாம்.

ஓட்டை போட்ட டிஸ்க் பார்க்க அழகாக இருக்கும். குடும்ப வண்டிக்கு நான் அதைக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு ஓட்டையும் கொஞ்சம் இரும்பை எடுத்துவிடுகிறது, வெடிப்பும் ஓட்டையின் விளிம்பில்தான் ஆரம்பிக்கிறது. கோடு வெட்டிய டிஸ்க் பேடைச் சீவிக்கொண்டே இருக்கும், முனகவும் செய்யும். வழுவழுப்பான சாதாரண டிஸ்க் போதும். அதில் நடுப்பகுதிக்கும் விளிம்புக்கும் சாம்பல் நிறத் துருத்தடுப்புப் பூச்சு உள்ளதாகப் பாருங்கள். ஹைபிரிட், மின்சார வண்டிக்காரர்களுக்கு இந்தப் பூச்சு ரொம்ப முக்கியம். அந்த வண்டிகளில் மோட்டாரே பாதி வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக்குக்கு வேலை குறைவு. டிஸ்க் தேய்ந்து போவதைவிடத் துருப்பிடித்துப் போவதுதான் அங்கே அதிகம். எண்ணெய் தடவி வரும் டிஸ்காக இருந்தால், பிரேக் கிளீனரால் நன்றாகக் கழுவாமல் மாட்டக் கூடாது.

டிஸ்க் போட்ட சில மாதத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது, டிஸ்க் வளைந்துவிட்டது என்று திரும்பக் கொண்டுவருவார்கள். பெரும்பாலும் டிஸ்க் வளைந்திருக்காது. டிஸ்க் உட்காரும் சக்கர மையமான ஹப்பின் முகத்தில் இருந்த துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே மாட்டியிருப்பார்கள். அதனால் டிஸ்க் நேராக உட்காராமல் லேசாக ஆடும். பல வண்டிகளில் இந்த ஆட்டம் 0.05 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால், பிரேக் மிதிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேட் உரசி, அந்த இடம் மட்டும் மெலிந்துபோகும். மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு தடிமன் வித்தியாசம் போதும், ஸ்டியரிங் பிடித்த கைக்குத் தெரியும். கம்பி பிரஷ்ஷால் ஹப்பைப் பளபளவென்று தேய்ப்பது பத்து நிமிட வேலை. உங்கள் மெக்கானிக் அதைச் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். வீல் நட்டையும் ஏர் கன்னால் ஒரேயடியாக இறுக்காமல், குறுக்கும் நெடுக்குமாக, டார்க் ரெஞ்சில் வண்டிப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள்.

சின்னச் சாமான்கள்

பேடோடு புது கிளிப் செட், பின்களுக்கான ரப்பர், பிரேக்குக்கென்றே வரும் சிலிகான் அல்லது செயற்கை கிரீஸ் இவற்றையும் சேர்த்து வாங்குங்கள். சாதாரண பெட்ரோலிய கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிப்போய்ப் பின் இறுகிவிடும். தேய்மான ஒயர் ஒரு தடவை விளக்கை எரியவிட்டிருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் இதோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பிரேக் ஆயிலின் ரகத்தை டாட் எண்ணால் சொல்வார்கள். டாட் 4 ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். டாட் 3-க்கு அதே எண்கள் 205, 140. ஆயில் கொதித்துக் குமிழி வந்தால் பெடல் தரையில் போய் இடிக்கும், பேட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வண்டி நிற்காது. மூடியில் எழுதியிருக்கும் ரகத்தையே ஊற்றுங்கள். சிலிகான் வகையான டாட் 5-ஐ மற்றவற்றோடு ஒருபோதும் கலக்கக் கூடாது.

மாட்டும்போது

தூசியை ஏர் பைப்பால் ஊத விடாதீர்கள். பழைய பேடில் என்ன கலந்திருந்தது என்று யாருக்கும் தெரியாது, ஆஸ்பெஸ்டாஸ்கூட இருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைப்பதே போதும். எலெக்ட்ரிக் கைப்பிரேக் உள்ள வண்டியில் அதைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோகாமல் பின்சக்கர பிஸ்டனை அழுத்தினால் மோட்டார் கெட்டுவிடும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் டேங்கில் மட்டம் ஏறும், வழிகிறதா என்று கவனியுங்கள். வண்டியின் பெயின்ட்டில் பட்டால் அரித்துவிடும்.

எல்லாம் மாட்டி முடித்ததும், வண்டியை நகர்த்துவதற்கு முன், பெடல் கெட்டிப்படும் வரை பலமுறை மிதியுங்கள். பிஸ்டன் பின்னால் தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது. இதை மறந்து சுவரில் இடித்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், புது பேடை டிஸ்கோடு பழக்க வேண்டும். ஆளில்லாத சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து நடை வேகம் வரை நிதானமாகக் குறைத்து, அரை நிமிடம் ஓட்டி ஆறவிட்டு, மறுபடி குறையுங்கள். முப்பது தடவை செய்யச் சொல்லும் கம்பெனிகள் உண்டு. பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தில் வேறு முறை இருந்தால் அதன்படியே செய்யுங்கள். நடுவில் எங்கும் முழுதாக நிறுத்திப் பெடலை அழுத்திப் பிடிக்காதீர்கள். சூடான பேட் டிஸ்கில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு, பிறகு நடுக்கமாக வெளிப்படும். முதல் சில நூறு கிலோமீட்டருக்குத் தேவையில்லாத கடும் பிரேக் வேண்டாம். ராத்திரி மழைக்குப் பிறகு காலையில் முதல் இரண்டு மிதியில் கரகரவென்று சத்தம் வந்தால் அது டிஸ்கின் மேல் பூத்த துரு. கொஞ்ச தூரத்தில் போகவில்லை என்றால் மட்டும் காட்டுங்கள்.

புதிய பேடின் தடிமன், டிஸ்கின் தடிமன், கிலோமீட்டர் இந்த மூன்றையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி, பெட்டியில் இருக்கும் பார்ட் நம்பர் ஸ்டிக்கரையும் கிழித்துப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த 10,000 கிலோமீட்டரில் டயரைக் கழற்றும்போது மறுபடி அளந்து பார்த்தால், உங்கள் ஓட்டத்துக்கு பேட் எவ்வளவு தேய்கிறது என்று தெரிந்துவிடும். அந்தக் கணக்கை வைத்து, அடுத்த நீண்ட பயணத்துக்கு முன்னால் மாற்றுவதா பின்னால் மாற்றுவதா என்று முடிவு செய்யலாம்.